தொட்டியைப் பளபளவென்று கழுவினால் மீன் ஏன் சாகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைப்புற மீன் தொட்டியை முழுக்க இறைக்கிறார்கள். மீன்களைப் பிளாஸ்டிக் டப்பில் விட்டுவிட்டு, சுவரில் படிந்த வழவழப்பை விளக்குமாற்றால் தேய்த்தெடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். தரை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருக்கிறது. புதன், வியாழன் வாக்கில் ஒவ்வொரு மீனாக மிதக்கத் தொடங்குகிறது. "தண்ணி ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டுப் புது மீன் வாங்கி வந்து விடுகிறார்கள். அதுவும் பிழைப்பதில்லை.

தண்ணீர் மேல் பழி போடுவதற்கு முன்னால் அந்த வழவழப்பு என்ன என்று பார்த்துவிடுவோம். மீன் தன் உடம்பின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிச்சமான தீனியும் உதிர்ந்த இலையும் மட்கும்போதும் அம்மோனியாதான் வருகிறது. மீனுக்கு அது விஷம். அப்படியிருந்தும் தொட்டி மாதக்கணக்கில் நன்றாக இருப்பதற்குக் காரணம், சுவரிலும் கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷம்தான். நைட்ரோஸ்பைரா வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், செடிகளுக்கு அது உரம்.

இந்த இரண்டு கட்ட வேலையை ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே விளக்கிவிட்டார். நூறு வருஷத்துக்கும் மேலாக இரண்டு தனித்தனி பாக்டீரியாக்கள் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்றே நம்பினார்கள். இரண்டு கட்டத்தையும் ஒன்றே செய்யும் நைட்ரோஸ்பைரா இருப்பதை 2015இல் கண்டுபிடித்தார்கள். அவற்றுள் சில கிடைத்த இடம் ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டர். அறிவியலுக்கே புதிதாக இருந்த ஓர் உயிர், மீன் தொட்டிக் கழிவில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு இதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாக இருக்கும்.

இவை மிக மெதுவாகப் பெருகுபவை. பால் கெட்டுப்போகச் செய்யும் சாதாரண பாக்டீரியா நல்ல சூழலில் அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாளாவது வேண்டும். புதுத் தொட்டியில் இவை முழுதாக நிலைபெற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தேய்த்துக் கழுவி பிளீச்சிங்கும் போட்ட தொட்டி புதுத் தொட்டிக்குச் சமம். மீன்கள் மட்டும் பழைய எண்ணிக்கையில் இருக்கின்றன. அம்மோனியா சேர்ந்து மீன் மிதக்கும் அளவுக்கு வர மூன்று நான்கு நாள் ஆகிறது, அவ்வளவுதான்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள சிமென்ட் தொட்டியில் சுமார் 1,800 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் வாரத்துக்கு 200, 300 லிட்டர் மாற்றினால் போதும். ஓஸ் பைப்பை அடியில் வைத்து உறிஞ்சி, கசடோடு சேர்த்தே வெளியே விடுங்கள். தென்னை, வாழை எதுவாக இருந்தாலும் அந்தத் தண்ணீரைச் சந்தோஷமாகக் குடிக்கும். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் முக்கிப் பிழிந்து திரும்ப வையுங்கள். குழாயடியில் பிடித்துக் கசக்க வேண்டாம். பச்சைப் பாசி கண்ணை உறுத்தினால் ஒரு பக்கச் சுவரை மட்டும் தேயுங்கள். சோப்பு கூடவே கூடாது.

புதுத் தண்ணீரிலும் கவனம் தேவை. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் செவுளையும் அரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். ஒரு நாள் திறந்து வைத்தால் சாதாரண குளோரின் போய்விடும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் போகாது. மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தில் இருக்கும் சோடியம் தயோசல்ஃபேட் குளோரினை நொடியில் முறித்துவிடும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் ஆக்சிஜனும் சொற்பமாகவே இருக்கும். உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள்.

அடிவண்டலை மொத்தமாக எடுக்கும் பெரிய சுத்தத்துக்குத்தான் காலம் பார்க்க வேண்டும். நம்மூரில் கோடை விடுமுறையில் ஆள் கிடைக்கும் என்று மே மாதத்தில் இறங்குகிறார்கள். இருப்பதிலேயே மோசமான மாதம் அது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் 7 சொச்சம்தான். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. அடிவண்டல் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தால் உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கிளறினால் அந்த வாயு வெளியே வரும், தண்ணீரில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் வண்டல் இழுத்துக்கொள்ளும்.

என் கணக்கில் புரட்டாசிதான் சரியான மாதம். வெயில் தணிந்திருக்கும், பாக்டீரியா மறுபடி பெருகும் அளவுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இருக்கும், ஐப்பசி மழைக்கு முன் தொட்டி தயாராகிவிடும். அப்போதும் பழைய தண்ணீரில் பாதியையாவது வைத்துக்கொண்டு, வண்டலில் பாதியை மட்டும் எடுங்கள். வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் மாசி, பங்குனியில் இலை கொட்டும். அப்போது மேலே வலை கட்டிவிட்டாலே பாதி வேலை குறையும்.

அம்மோனியாவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும்: மின்னேற்றம் உள்ள அம்மோனியம், அது இல்லாத அம்மோனியா. செவுளுக்குள் எளிதாக நுழைந்து கொல்வது பின்னது. 28 டிகிரியில், பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 7ஆக இருந்தால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் அந்த விஷ வடிவம். பிஹெச் 8 என்றால் 6 சதவீதத்துக்கு மேல். 9 என்றால் சுமார் 40 சதவீதம். டெஸ்ட் கிட் காட்டும் மொத்த அளவு ஒன்றேதான், ஆனால் ஒரு தொட்டியில் மீன் நீந்தும், இன்னொன்றில் சாகும். கழுவிய தொட்டிக்கு உள்ளே சுண்ணாம்பு அடிப்பது அதனால்தான் ஆபத்து, பிஹெச் எகிறிவிடும். தண்ணீர் பச்சையாக இருக்கும் தொட்டியில் பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் மதியத்துக்கு மேல் பிஹெச் தானாகவே 9ஐத் தொடும். இரவிலோ அதே பாசி ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்க்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு என்று சந்தேகப்படுங்கள். பிற்பகலில் செவுள் சிவந்து துடித்தால் அம்மோனியாவைச் சந்தேகப்படுங்கள். முதலாவதற்கு ஏர் பம்ப், இரண்டாவதற்குத் தீனியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மாற்றுவது.

மழைக்காலத்தில் பிரச்சினை தலைகீழ். பிஹெச் சரியாமல் தாங்குவது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட். மழைநீரில் அது ஏறக்குறைய இல்லை. ஆனால் பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது, அந்தத் தாங்கும் சக்தியில், அதாவது காரத்தன்மையில், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 மில்லிகிராமைச் செலவழிக்கிறது. அடை மழையில் தொட்டி வழிந்தால் இருப்பு கரைந்து பிஹெச் சரியும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்தும். ஒரு துணிப்பையில் கிளிஞ்சல் ஓடுகளைக் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்க விடுங்கள். பிஹெச் இறங்க இறங்க ஓடு கரைந்து கொடுக்கும், தேவையில்லாதபோது கரையாது. இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் டேங்க் கிளீனர் மீன். சுவரில் உள்ள பாசியைக் கொஞ்சம் சுரண்டும், உண்மைதான். அப்புறம் ஒரு முழம் வரை வளர்ந்து, மற்ற மீன்களைவிட அதிகமாகக் கழிவைப் போடும். அந்தக் கட்டத்தில்தான் பலர் அதை ஏரியில் விடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இன்று தமிழ்நாட்டின் நீர்நிலைகளிலும் பரவி, கரையில் வளை தோண்டி, முட்களால் மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. வாங்காமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே வளர்ந்துவிட்டதென்றால் வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், ஏரிக்கும் வாய்க்காலுக்கும் மட்டும் கொண்டு போகாதீர்கள்.