ஸ்டெம் கண்காட்சி நடத்தப் போகிறீர்களா? ஆசிரியர் பட்டறையை முதலில் முடியுங்கள்

மாணவர்களின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) கண்காட்சியையும் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாமா என்று அமைப்பாளர்கள் கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்றே சொல்கிறேன். ஒரே மண்டபம், ஒரே சிறப்பு விருந்தினர், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது அவர்கள் கணக்கு. அன்று நடப்பதோ வேறு. மாணவர்கள் மேசைக்குப் பின்னால் தனியாக நிற்க, அவர்களை வழிநடத்திய ஆசிரியர்கள் பக்கத்து அறையில் திரையில் ஓடும் ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே கற்றதைச் செய்துபார்க்க அந்த ஆண்டில் எதுவும் மிச்சமிருக்காது, செயல்திட்டங்கள்தான் முடிந்துவிட்டனவே. கண்காட்சிக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பாக, மாணவர்கள் தலைப்பைத் தேர்ந்தெடுப்பதற்குள், பட்டறை முடிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய எல்லாக் கண்காட்சிகளிலும் தென்படும் எலுமிச்சை மின்கலத்தையே எடுத்துக்கொள்வோம். செம்புத் தகடும் துத்தநாகம் பூசிய ஆணியும் செருகிய பழங்கள், கம்பியின் முனையில் மங்கலாக எரியும் ஒரு சிவப்பு எல்இடி. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ‘எலுமிச்சையிலிருந்து’ என்று பதில் வரும். பல நேரங்களில் ஆசிரியரின் பதிலும் அதுதான். பட்டறையில் நான் இதை விளக்கப் போவதில்லை. மல்டிமீட்டரைக் கையில் கொடுத்துவிடுவேன். செம்பும் துத்தநாகமும் இருக்கும்போது சுமார் 0.9 வோல்ட் காட்டும். ஆணியை உருவிவிட்டு அந்த இடத்திலும் செம்பையே செருகச் சொல்வேன். அளவு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பழம் அதே பழம்தான். பிறகு சாற்றைப் பிழிந்து ஒரு குவளையில் ஊற்றி, செம்பையும் துத்தநாகத்தையும் அதில் நிறுத்தினால் பழைய அளவு திரும்பி வரும். ஆற்றல் பிறப்பது கரையும் துத்தநாகத்தின் வேதிவினையில். சாறு அந்த வினைக்கு வேண்டிய மின்பகுளி, அதாவது மின்னைக் கடத்தும் கரைசல்.

இதைத் தன் கையால் செய்துபார்த்த ஆசிரியர் சும்மா இருக்க மாட்டார். தகட்டின் பரப்பைக் கூட்டினால் வோல்ட் மாறுமா, மின்னோட்டம் மாறுமா? சிவப்பு எல்இடிக்குச் சுமார் 1.8 வோல்ட் போதுமென்றால், இரண்டு பழங்களில் ஏன் சரியாக எரிவதில்லை? உப்பு நீரில் என்ன ஆகும்? இவற்றில் எதை எடுத்தாலும் ஒரு மாணவருக்கு முழுச் செயல்திட்டம் கிடைக்கும். சமையல் சோடாவும் வினிகரும் பொங்கும் எரிமலை மாதிரிக்கும் இதே கதிதான். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை ஒரு பலூனில் பிடித்து அளக்கத் தொடங்கும்போதுதான் அது ஆய்வாகிறது. அதுவரை வெறும் வேடிக்கை.

ஆகவே பட்டறையில் பாதி நேரத்துக்கு மேல் ஆசிரியர்களின் கைகளுக்கு வேலை இருக்க வேண்டும். பள்ளிக்குத் திரும்பியபின் கிடைக்காத விலையுயர்ந்த பெட்டிகளைக் காட்டி மலைக்க வைப்பதில் பயனில்லை. ஒரு பள்ளியிலிருந்து இருவராக அழைப்பது நல்லது. தனியாக வருபவரின் உற்சாகம் பெரும்பாலும் ஓய்வறையிலேயே அடங்கிவிடும்.

இன்னொன்று: வேலை செய்யாத பொருளையும் அவர்களிடம் கொடுங்கள். கோட்டைப் பின்தொடரும் ரோபோ இதற்கு வாகானது. பெரும்பாலும் அதில் இருப்பது, கோட்டின் கறுப்பையும் தரையின் வெளுப்பையும் பிரித்தறியும் அகச்சிவப்பு உணரி (சென்சார்). வகுப்பறையில் ஒழுங்காக ஓடியது, மண்டபத்தில் ஜன்னலோரம் வைத்ததும் தறிகெட்டு ஓடும். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதால் உணரிக்குக் கறுப்பும் வெளுப்பும் குழம்பிவிடும். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த ஆசிரியர், விழா நாளில் மாணவர் கலங்கி நிற்கும்போது ரோபோவைப் பிடுங்கித் தானே சரிசெய்ய மாட்டார். ‘இடம் மாறியதில் வேறு என்ன மாறியது?’ என்று கேட்பார்.

மண்டபத்தில் எந்த மேசை எங்கே என்பதையும் இப்படி யோசித்தே முடிவு செய்ய வேண்டும். அகச்சிவப்பு உணரிகள் வெயில் படாத பக்கம். எதிரொலியைக் கொண்டு தூரத்தை அளக்கும் மீயொலி உணரி வைத்த இரண்டு ரோபோக்கள் அருகருகே வேண்டாம். ஒன்றின் எதிரொலியை மற்றொன்று தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். 1,000 வாட் சூடேற்றி ஒன்று 230 வோல்ட் இணைப்பில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், நீட்டிப்புப் பலகையின் மேல் இன்னொரு நீட்டிப்புப் பலகையைச் செருகும் வழக்கத்தை அனுமதிக்கவே கூடாது. லித்தியம் மின்கலங்களை ஆள் பார்வையில்லாமல் சார்ஜ் செய்வதும் அப்படியே.

பாதுகாப்பு அனுமதியை விழா வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். 1950-இல் அமெரிக்காவில் தேசிய அறிவியல் கண்காட்சியாகத் தொடங்கி இன்று ஐசெஃப் எனப்படும் பன்னாட்டுப் போட்டியில், மனிதர்களையோ முதுகெலும்புள்ள விலங்குகளையோ உட்படுத்தும் ஆய்வுகளுக்குப் பொதுவாக வேலையைத் தொடங்கும் முன்பே ஒப்புதல் தேவை. பள்ளி அளவிலும் இதைப் பின்பற்றலாம். ஒரு பக்கப் படிவம் போதும்.

நடுவர்கள் விஷயத்தில் கூட்டல் பெருக்கலைக்கூட யாரும் செய்து பார்ப்பதில்லை. 40 செயல்திட்டங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு நடுவர்கள் தலா 8 நிமிடம் பார்த்தால் மொத்தம் 640 நிமிடம். எட்டு நடுவர்கள் இருந்தால் ஆளுக்கு 80 நிமிடம். நடந்து போகும் நேரம் தனி. நான்கே பேரை அழைத்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் முடிவைக் கேட்டால், பளபளக்கும் தெர்மாகோல் மாதிரிக்குத்தான் பரிசு போகும். மதிப்பெண்ணில் பெரும்பங்கை மாணவருடனான உரையாடலுக்கும் அவரது குறிப்பேட்டுக்கும் ஒதுக்குங்கள். அடித்துத் திருத்திய அளவீடுகளும் தோற்றுப்போன முயற்சிகளும் உள்ள குறிப்பேட்டைத் தந்தவர் தன் வேலையைத் தானே செய்திருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். இந்த மதிப்பெண் பட்டியலைப் பட்டறையிலேயே ஆசிரியர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

விழா முடிந்த வாரத்தில் அதே ஆசிரியர்களை ஒரு மணி நேரம் கூட்டி, எந்த மாணவர் எந்தக் கேள்வியில் திணறினார் என்று பேசவைப்பது அடுத்த பட்டறைக்கான பாடத்திட்டத்தைத் தந்துவிடும். அதற்கு நேரமில்லை என்று சொல்லும் அமைப்பாளர்கள், தொடக்க விழாவில் எத்தனை பேர் மேடையில் பேசினார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.