ஈரலில் தேங்கும் செப்பு: வில்சன் நோய் பற்றிப் பெற்றோருக்கு

கொட்டாஞ்சேனையிலிருந்து பதினொரு வயது மகனை அழைத்து வந்த தாயார் முதலில் எடுத்துக் காட்டியது அவனுடைய பாடசாலைக் கொப்பியை. தை மாதத்தில் சீராக இருந்த எழுத்து, ஆடிக்குள் கோணலாகி வரிகளை விட்டு இறங்கியிருந்தது. முந்திய ஆண்டு வந்த செங்கண்மாரி, கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்ததும் மாறிவிட்டதென்று வீட்டார் நம்பியிருந்தனர். பரிசோதனைகள் அவனுக்கு வில்சன் நோய் இருப்பதைக் காட்டின.

உணவிலுள்ள செப்பு உடலுக்குச் சிறிதளவே தேவை. மிகுதியை ஈரல் பித்தத்தோடு வெளியேற்றும். அதைச் செய்விக்கும் ஏடிபி7பி என்ற மரபணு பழுதாகப் பிறந்த பிள்ளையின் ஈரலில் செப்பு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, பின் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. 1912இல் கின்னியர் வில்சன் விரிவாக விவரித்த இந்நோய், ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கே வருவதாகக் கணிக்கப்படுகிறது. அதனாலேயே பலருக்கு இதன் நினைவு வருவதில்லை. காரணம் தெரியாத ஈரல் நோயோ, மீண்டும் வரும் செங்கண்மாரியோ உள்ள பிள்ளைக்கு, இரத்தத்தில் செப்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினின் அளவையும் 24 மணி நேரச் சிறுநீரில் செப்பின் அளவையும் பார்க்கும்படி கேளுங்கள். கருவிழியோரத்தில் தோன்றும் பழுப்பு வளையம் ஈரல் மட்டும் பாதிக்கப்பட்ட சிறுவர் பலரிடம் இராது. அது இல்லையென்பதற்காக நோயில்லை என்று விட்டுவிடக் கூடாது.

பெனிசிலமைன் வெறும் வயிற்றில் கொடுக்கப்படும் மருந்து. உடலில் சேர்ந்த செப்பைச் சிறுநீரோடு வெளியேற்றும். நாகச்சத்து (துத்தநாகம்), குடல் செப்பை உறிஞ்சுவதைக் குறைக்கும். மருந்து வாழ்நாள் முழுவதும் தேவை. பிள்ளை தேறிவிட்டானென்று பெற்றோர் தாமாக நிறுத்தினால் ஈரல் திடீரெனச் செயலிழக்கலாம். அப்போது மாற்று ஈரல் தவிர வேறு வழி இல்லாமற் போகலாம் என்பதை ஒவ்வொரு கிளினிக்கிலும் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

“மச்சானைக் கட்டினதாலதானா டொக்டர்?” என்று அந்தத் தாய் அழுதார். சொந்தத்துக்குள் மணம் முடிப்பது வாய்ப்பைக் கூட்டும். ஆனால் உறவே இல்லாத பெற்றோருக்கும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கின்றனர். இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். ஆகவே கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நோயறிகுறி இல்லாவிடினும் அவர்களைச் சோதித்தே ஆக வேண்டும்.

அவனுடைய ஆறு வயதுத் தங்கைக்கும் நோய் இருந்தது. ஓடி விளையாடும் பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று அம்மம்மா மறுத்தார். ஈரல் கெடுமுன் தொடங்கினால் அவள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரலாம் என்று எடுத்துச் சொன்னேன். இப்போது அண்ணனுக்கும் தங்கைக்கும் நேரம் தவறாமல் மருந்து கொடுப்பவர் அந்த அம்மம்மாதான்.