‘மாநில அரசு மேல் கேஸ் போட முடியாது’ என்று உங்களிடம் சொன்னது யார்?

போன வாரம் ஒரு தம்பி என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். டெக்சஸில் ஒரு மாநில அரசுத் துறையில் ஆய்வக வேலை, கூடவே, அழைக்கும்போது பணிக்குப் போகும் பகுதிநேரப் படையான ராணுவ ரிசர்விலும் இருக்கிறார். ஒன்பது மாத வெளிநாட்டுப் பணி முடிந்து திரும்பி, மூன்றே வாரத்தில் பழைய வேலையைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய இடத்தில் வேறொருவர். ‘ஆறு மாத ஒப்பந்த வேலை ஒன்று இருக்கிறது, சம்பளம் கொஞ்சம் குறைவு’ என்றார்களாம். சட்டம் இருக்கிறதே என்று இவர் கேட்டதும் ஹெச்.ஆரிடமிருந்து ஒரே வரியில் பதில்: “நாங்கள் மாநில அரசு. எங்கள் மேல் நீங்கள் வழக்குப் போட முடியாது.”

நம்பிவிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு விழுந்த ராணுவ ஆர்டர்ஸும் (பணிக்கு அழைத்த உத்தரவு), அதன் பின்னால் அவர் கையாலேயே எழுதிய இரண்டு வரி ராஜினாமாக் கடிதத்தின் நகலும் இருந்தன. கடிதத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. “ஏன் தம்பி இவ்வளவு நாள் வரவில்லை?” என்று கேட்டேன். “கவர்ன்மென்ட் மேல எப்படிக்கா கேஸ் போடுறது?” என்றார்.

இந்த வருடத்தில் இதே கதையோடு வந்த நான்காவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

ராணுவப் பணிக்குப் போய் வருகிறவர்களின் வேலையைக் காப்பது 1994-இல் வந்த யுசெர்ரா என்ற மத்தியச் சட்டம். தனியார் முதலாளியையும் அது கட்டுப்படுத்தும், நகராட்சியையும் கட்டுப்படுத்தும், மாநில அரசையும் கட்டுப்படுத்தும். வந்த நாளிலிருந்தே அப்படித்தான். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மாநிலம் அதை மீறினால் பாதிக்கப்பட்டவர் தானே கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா என்பதில்தான் இருபது வருடத்துக்கு மேல் சண்டை நடந்தது. உரிமை வேறு, அதைக் கேட்டு வாங்கும் வாசல் வேறு. வாசல் அடைத்திருந்த காலத்தில்கூட உரிமை உயிரோடுதான் இருந்தது. அப்போதும் மத்திய அரசு தன் பெயரிலேயே மாநிலத்தின் மேல் வழக்குத் தொடுக்க முடியும். “சட்டம் எங்களுக்குப் பொருந்தாது” என்று எந்த ஹெச்.ஆர். சொன்னாலும், அது அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு.

வாசல் ஏன் அடைபட்டது? 1996-இல் செமினோல் பழங்குடியினர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் தன் அதிகாரத்தை வைத்து மாநிலங்களை மத்திய நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பை மனதில் வைத்து, 1998-இல் யுசெர்ராவைத் திருத்தி, இந்த வழக்குகளை மாநில நீதிமன்றத்தில் போடலாம் என்று ஆக்கினார்கள். மறு வருடமே ஆல்டன் எதிர் மெய்ன் வழக்கில், மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் அதன் சொந்த நீதிமன்றத்திலும் அதை நிறுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதற்கப்புறம் பல மாநிலங்கள் விலக்குரிமை (சம்மதம் இல்லாமல் மாநிலத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு) என்ற ஒரே சொல்லை வைத்து இந்த வழக்குகளைத் தட்டிவிட்டன.

லீராய் டாரஸ் இதே டெக்சஸில் மாநிலக் காவலராக இருந்தவர், ராணுவ ரிசர்வ் வீரரும்கூட. 2007-இல் ஈராக்குக்கு அனுப்பப்பட்டார். முகாம்களில் குப்பையைத் திறந்தவெளிக் குழிகளில் போட்டு எரிப்பார்கள். அந்தப் புகை அவர் நுரையீரலைக் கெடுத்துவிட்டது. திரும்பி வந்தவர், பழைய ரோந்து வேலை உடம்புக்கு ஒத்துவராது, முடிகிற வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை. வேலையை விட்டார். 2017-இல் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்குரிமையைக் காட்டி அவருக்குக் கதவைச் சாத்தியது.

2022 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தக் கதவைத் திறந்தது. எழுதியவர் நீதிபதி பிரையர். மறுநாள் அவர் பதவி ஓய்வு பெற்றார். மாநிலங்கள் சேர்ந்து ஒன்றியம் அமைத்தபோதே, படை திரட்டுவதும் பராமரிப்பதும் மத்திய அரசின் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தன. அந்த விஷயத்தில் ‘என் மேல் வழக்குப் போடாதே’ என்று சொல்லும் உரிமையை அன்றைக்கே விட்டுக்கொடுத்துவிட்டன என்பதுதான் தீர்ப்பின் சாரம். எதிர்த்து எழுதியவர் நீதிபதி தாமஸ். அந்தத் தீர்ப்போடு டாரஸ் கைக்குப் பணம் வந்துவிடவில்லை. வழக்குத் திரும்பக் கீழே போனது, 2023 செப்டம்பரில் டெக்சஸ் ஜூரி அவருக்குச் சுமார் 25 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது.

ஹெச்.ஆர்.காரர்களுக்கு இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். வயதுப் பாகுபாடு, உடல் ஊனப் பாகுபாடு ஆகிய மத்தியச் சட்டங்களில் ஊழியர் தானே மாநிலத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட இன்றைக்கும் முடியாது. அப்படிச் சொன்ன 2000, 2001 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அப்படியே நிற்கின்றன. அதைப் படித்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். ராணுவப் பணி அந்த மூட்டையில் வராது. தயவுசெய்து 2022-க்கு முந்தைய கையேட்டைத் தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு பக்கம், டாரஸ் தீர்ப்பைக் கேள்விப்பட்டு நேராக மத்திய நீதிமன்றத்துக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலாளி மாநிலம் என்றால் நீங்கள் தனியாகப் போடும் வழக்கு மாநில நீதிமன்றத்தில்தான். நகராட்சி, கவுன்டி, பள்ளி மாவட்டம் என்றால் சட்டத்தின் கண்ணில் தனியார் முதலாளி மாதிரி, மத்திய நீதிமன்றத்துக்கே போகலாம். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் முதல் சந்திப்பில் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

நம்மவர்களுக்கு இது தூரத்து விஷயமா? 2008-இல் தொடங்கி 2016-இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டம், குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகப் படையில் சேர்த்தது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்து, மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் சேர்ந்த பிள்ளைகளும் நம்மில் உண்டு. வீட்டில் அப்பா அம்மா சொல்லிக்கொடுப்பது என்ன? ‘கவர்ன்மென்டை எதிர்த்துக்கிட்டு எதுக்குப்பா?’ அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், என் வீட்டிலும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் இங்கே அந்தப் பயம் ஒருத்தரின் பிழைப்பையே எடுத்துவிடுகிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போவதற்கு முன் முதலாளிக்குத் தகவல் கொடுங்கள். அனுமதி கேட்காதீர்கள், அது உங்களுக்குத் தேவையில்லை. வாயால் சொன்னாலே சட்டப்படி போதும், இருந்தாலும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஆர்டர்ஸின் நகல் வீட்டில் ஒன்று இருக்கட்டும். திரும்பியதும் தூங்கிவிடாதீர்கள்: பணி 31 முதல் 180 நாள் வரை என்றால் 14 நாளுக்குள், அதற்கு மேல் என்றால் 90 நாளுக்குள் வேலையைக் கேட்டாக வேண்டும். 31 நாளுக்குக் குறைவு என்றால் பயணமும் ஓய்வும் முடிந்து அடுத்த வேலை நாளிலேயே. பணியில் பட்ட காயத்துக்கோ நோய்க்கோ சிகிச்சையில் இருந்தால் இரண்டு வருடம் வரை தள்ளலாம். அப்படிப்பட்டவருக்கு முடிகிற மாதிரி வேலையை மாற்றித் தருவதும் முதலாளியின் கடமை. டாரஸ் கேட்டதே அதுதானே.

ராஜினாமா எழுதாதீர்கள். ‘எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, பிறகு பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் எழுதாதீர்கள். பணத்தோடு ஒரு காகிதத்தை நீட்டி, உரிமை கோர மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். போட்ட கையெழுத்தை எடுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தச் சட்டத்தில் காலக்கெடு கிடையாது என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். காலக்கெடு இல்லைதான். ஆனால் வீணாகத் தாமதித்தார் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அதைவிட மோசம், சாட்சிகள் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள், பழைய மின்னஞ்சல்கள் அழிந்துவிடுகின்றன. அந்தத் தம்பியின் மேலதிகாரி ஓய்வு பெற்று மாநிலத்தை விட்டே போய்விட்டார்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், மத்தியத் தொழிலாளர் துறையின் வெட்ஸ் பிரிவில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் நீதித் துறைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அவர்கள் எடுத்துக்கொண்டால் வழக்கு அமெரிக்க அரசின் பெயரில் மத்திய நீதிமன்றத்தில் வரும், அங்கே மாநிலம் விலக்குரிமை என்று வாயே திறக்க முடியாது. அந்தத் தம்பியிடமும் இரண்டு வழியையும் சொன்னேன். மாநில நீதிமன்றத்திலேயே போடலாம் என்றார். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கச் சொன்ன அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.