சிறிய குழு லீக் வெல்லுமா? ஒரு கோல் கணக்கு

2022 நவம்பரில் ஜாலான் புசார் அரங்கில் ஹவ்காங் யுனைடெட் சிங்கப்பூர்க் கிண்ணத்தைத் தூக்கியபோது, பக்கத்தில் நின்ற என் அக்கா மகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தெம்பனிஸ் ரோவர்சை 3-2 என்று வென்ற இரவு அது. அந்தக் குழு அதற்குமுன் பெரிய கிண்ணம் எதையும் தொட்டதில்லை. ஆட்டம் முடிந்து பராட்டா கடையில் உட்கார்ந்ததும், தே தாரிக் வருவதற்குள் கரகரத்த குரலில் கேட்டான்: "மாமா, அடுத்தது லீக்தானே?"

ஆம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நான் புள்ளியியல் கற்பிப்பவன்; அந்தக் கேள்விக்குள் எவ்வளவு பெரிய கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 2014இல் பாலஸ்தியர் கால்சாவும் இதே கிண்ணத்தை வென்றது. இரண்டு குழுக்களும் இன்றுவரை லீக் பட்டத்தை வென்றதில்லை. கிண்ணம் எட்டுகிறது, லீக் எட்டவில்லை. ஏன்?

காற்பந்தில் கோல் அரிது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கில் பெரும்பாலான பருவங்களில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று கோல்கூட விழுவதில்லை. அரிதாகவும் ஒன்றையொன்று சாராமலும் நடக்கும் நிகழ்வுகளை எண்ணுவதற்குப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன் 19ஆம் நூற்றாண்டில் ஒரு வாய்பாடு தந்தார். நம் பாடநூல்கள் அதைப் பாய்சான் பரவல் என்கின்றன. தகரக் கூரையில் தூறல் விழும்போது ஒரு நிமிடத்தில் ஒரு தகட்டில் எத்தனை துளி விழும் என்பதையும் அதே வாய்பாட்டால் கணிக்கலாம். கோல்கள் முழுக்க முழுக்கத் தூறல் அல்ல. முதல் கோல் விழுந்ததும் ஆட்டமே மாறிவிடுவது உண்டு. இருந்தாலும் வாய்பாடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது.

இரண்டு குழுக்களை எடுத்துக்கொள்வோம். பணக்காரக் குழு ஓர் ஆட்டத்தில் சராசரியாக 1.6 கோல் போடும். எளிய குழு 1 கோல் போடும். பெரிய இடைவெளிதான். இந்த இரண்டும் 100 முறை மோதினால் எளிய குழு 24 முறை வெல்லும் என்கிறது பாய்சான் பரவல். 25 முறை சமநிலை. பணக்காரக் குழு வெல்வது 51 முறை மட்டுமே. அதே விகிதத்தை வைத்துக்கொண்டு, கூடைப்பந்துபோல் 48க்கு 30 என்று புள்ளிகள் குவியும் விளையாட்டாக மாற்றிப் பாருங்கள். எளிய குழு வெல்வது 100இல் 2 முறையாகச் சுருங்கிவிடும். கோல் அரிதாக இருப்பதுதான் எளியவர்களுக்குக் காற்பந்து கொடுத்திருக்கும் மிகப் பெரிய வரம். கிண்ணப் போட்டி அந்த வரத்தின்மேல் கட்டப்பட்டது. நாலைந்து நல்ல இரவுகள் அடுத்தடுத்து அமைந்தால் போதும்.

லீக் அந்த வரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொள்ளும் இயந்திரம். அதே எளிய குழு ஒவ்வோர் ஆட்டத்திலும் சராசரியாக 1 கோல் போட்டு 1.6 கோல் வாங்குகிறது, பணக்காரக் குழு நேர் எதிராகச் செய்கிறது என்று வைத்துக்கொண்டு, இங்கிலாந்தைப்போல் 38 ஆட்டங்கள் ஓடவிடுவோம். எளிய குழுவுக்கு ஏறத்தாழ 36 புள்ளிகள், பணக்காரக் குழுவுக்கு 68. ஒரே இரவில் நான்கில் ஒரு வாய்ப்பு வைத்திருந்த குழு, பருவ முடிவில் மற்றதை முந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 500இல் ஒன்று.

38 ஆட்டங்களுக்குப் பதிலாக 14 ஆட்டங்கள் மட்டும் ஆடினால்? கற்பனைக்காகக் கேட்கவில்லை. கொவிட் ஆண்டான 2020இல் சிங்கப்பூர்ப் பிரிமியர் லீக்கில் ஒவ்வொரு குழுவும் 14 ஆட்டங்கள்தான் ஆடியது. அத்தனை குறுகிய பருவத்தில் நம் எளிய குழு அந்தப் பணக்காரக் குழுவை முந்தும் வாய்ப்பு 25இல் ஒன்றாக உயர்ந்துவிடுகிறது. திறன் துளியும் மாறவில்லை, ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டுமே குறைந்தது. அதிர்ஷ்டத்தின் பங்கு ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வளரும், திறனின் பங்கோ எண்ணிக்கையோடு நேராக வளரும். நீண்ட பருவத்தில் திறன் வெல்வதற்கு வேறு எந்த மாயமும் காரணமில்லை.

லீக்கின் விதிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதும் இதே அளவு முக்கியம். 2024-25இல் பெல்ஜியத்தில் வழக்கமான பருவம் முடிந்ததும் முன்னணிக் குழுக்கள் மறுபடியும் மோதின. அதற்குமுன் அவற்றின் புள்ளிகளைப் பாதியாக்கிவிட்டார்கள். வழக்கமான பருவ முடிவில் கென்க் 68 புள்ளிகளோடு முதலிடத்தில் நின்றது, யூனியன் சான்-ஜில்வாஸ் 55. பாதியாக்கியதும் 13 புள்ளி இடைவெளி 6 ஆனது. யூனியன் முந்திச் சென்று, 1935க்குப் பிறகு முதன்முறையாகப் பட்டம் வென்றது. யூனியனின் கதைக்கு மீண்டும் வருகிறேன். அதிர்ஷ்டத்தோடு நின்றுவிடும் கதை அல்ல அது.

இப்போது பணம். காற்பந்துப் பொருளியலை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஸ்டீபன் சிமான்ஸ்கி. ஆட்டக்காரரை வாங்கக் கொடுக்கும் தொகையைவிட, குழு மொத்தமாகக் கொடுக்கும் சம்பளமே இங்கிலாந்து லீக் பட்டியலை நன்றாக விளக்குகிறது என்று அவர் காட்டினார். பத்து ஆண்டுச் சராசரியை எடுத்தால், குழுக்களின் இடங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சம்பளத்தோடு ஒத்துப்போகிறது. ஒரே ஒரு பருவத்தை எடுத்தால் அந்தப் பிடி தளர்கிறது. நம் கேள்விக்கான விடை அந்தத் தளர்வில்தான் இருக்கிறது. பத்து ஆண்டுகள் பணத்தை வெல்வது மிகக் கடினம். ஓர் ஆண்டு வெல்லலாம்.

எல்லாருக்கும் நினைவுக்கு வருவது லெஸ்டர் சிட்டி. 2016 மே 3, செவ்வாய்க்கிழமை விடியற்காலை. மே தின விடுமுறை முடிந்து எல்லாரும் வேலைக்குப் போக வேண்டிய நாள். நான் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் பின்னால் துரத்திவந்த டாட்டன்ஹம் செல்சியோடு 2-2 என்று சமநிலை கண்டதும், அன்று ஆடாத லெஸ்டர் வெற்றியாளர் ஆனது. லிவர்பூல் சட்டை, யுனைடெட் சட்டை போட்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். பருவத் தொடக்கத்தில் அந்தக் குழுமீது பந்தயக்காரர்கள் 5,000க்கு 1 கொடுத்திருந்தார்கள்.

அது வெறும் அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்களைப் பாருங்கள். 2014-15இல் லெஸ்டர் 41 புள்ளிகள், 14ஆம் இடம். அடுத்த பருவம் 81. அதற்கடுத்து 44, 12ஆம் இடம். ஒரே திறன் கொண்ட நடுத்தரக் குழுவை 38 ஆட்டங்கள் மீண்டும் மீண்டும் ஆடவிட்டால் புள்ளிகள் எவ்வளவு ஏறி இறங்கும்? திட்ட விலக்கம் ஏறத்தாழ 8 புள்ளி. அதாவது மூன்றில் இரண்டு பருவங்கள் சராசரியிலிருந்து 8 புள்ளிக்குள் முடியும். 16 புள்ளிக்கு மேல் உயர்வது ஏறத்தாழ நாற்பது பருவங்களில் ஒன்று. 41இலிருந்து 81க்குத் தாவ 40 புள்ளிகள் வேண்டும். முதல் பருவத்தில் துரதிர்ஷ்டம், இரண்டாம் பருவத்தில் பேரதிர்ஷ்டம் என்று தாராளமாகக் கொடுத்தாலும் மிச்சம் நிறைய இருக்கிறது. அந்த மிச்சத்தை யாரோ உழைத்துச் செய்திருக்கிறார்கள்.

அதில் ஒரு பங்கு ஆட்ட முறை. பயிற்றுவிப்பாளர் ரனியேரியின் குழு பந்தைப் பெரும்பாலும் எதிரணியிடமே விட்டுவிட்டு, பின்னால் நெருக்கமாக நின்று, கிடைத்த இடைவெளியில் தாக்குதல் ஆட்டக்காரர் வார்டியை ஓடவிட்டது. 2016 மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை வாட்ஃபர்ட், நியூகாசல், கிறிஸ்டல் பேலஸ், சௌதாம்ப்டன் ஆகிய நான்கையும் வரிசையாக 1-0 என்று வென்றது. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் 1.6க்கு 1 ஆட்டத்தை இறுக்கி, இரு பக்கமும் கோல் வாய்ப்புகள் பாதியாகும்படி 0.8க்கு 0.5 என்று ஆக்குங்கள். எளிய குழு தோற்பது 51இலிருந்து 40 ஆகக் குறைகிறது. வெற்றியும் சற்றுக் குறைந்து 24இலிருந்து 21 ஆகிறது. சமநிலை 25இலிருந்து 39 ஆக உயர்கிறது. கூட்டிப் பார்த்தால் 38 ஆட்டங்களில் இரண்டு மூன்று புள்ளிகள் கூடுதல். தற்காப்பு ஆட்டம் அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எளியவருக்கு அது கஞ்சத்தனம் அல்ல, கணக்கு.

மற்றொரு பங்கு, சந்தை தவறாக விலை போட்ட ஆட்டக்காரர்கள். வார்டி ஐந்தாம் நிலை லீக்கில் இருந்த ஃப்ளீட்வுட் டவுனிலிருந்து 1 மில்லியன் பவுண்டுக்கு வந்தவர். மாரெஸ் பிரான்சின் இரண்டாம் நிலைக் குழுவான லே ஹாவ்ரிலிருந்து அரை மில்லியனுக்கும் குறைவாக. கான்டே 5.6 மில்லியன். சம்பளம் பணத்தின் அளவு. ஆனால் சம்பளம் திறனின் துல்லியமான அளவு அல்ல. இரண்டுக்கும் இடையே பிழை இருக்கிறது. அந்தப் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பவருக்கே பட்டம் எட்டும் தூரத்தில் வருகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கோல்களை எண்ணினால் போதாது என்பதைத்தான் இதுவரை பார்த்தோம். கோலில் தூறலின் தற்செயல் மிக அதிகம். அதனால் கோலுக்குப் பதில் கோல் வாய்ப்பின் தரத்தை எண்ணுகிறார்கள். பந்து எங்கிருந்து உதைக்கப்பட்டது, கம்பங்கள் எந்தக் கோணத்தில் தெரிந்தன, காலா தலையா என்று பார்த்து, அதே மாதிரியான ஆயிரக்கணக்கான பழைய முயற்சிகளில் எத்தனை கோலாயின என்ற விகிதத்தை அந்த உதைக்குக் கொடுப்பார்கள். பெனால்டிக்கு நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். கோல் கம்பங்களுக்கு முன்னுள்ள பெட்டிக்கு வெளியே தொலைவிலிருந்து உதைத்தால் நூறில் சில மட்டுமே. இவற்றைக் கூட்டினால் வருவது எதிர்பார்ப்புக் கோல். பத்து ஆட்டங்களாகக் கோல் போடாத ஒருவர் நல்ல இடங்களுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால், சந்தையில் அவர் விலை விழுந்திருக்கும், அவர் திறன் விழுந்திருக்காது.

மேத்யூ பென்ஹம் இயற்பியல் படித்தவர், பந்தயக் கணக்கில் பணம் சேர்த்தவர். 2012இல் பிரென்ட்ஃபர்டையும் 2014இல் டென்மார்க்கின் மிட்யூலாந்தையும் கையில் எடுத்தார். மிட்யூலாந்து கார்னர், நீண்ட வீச்சு போன்ற நின்ற பந்து வாய்ப்புகளை ஆய்வுக்கூடப் பொருள்போல் பயிற்சி செய்து, 2015இல் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. பிரென்ட்ஃபர்ட் 74 ஆண்டுகளுக்குப் பிறகு 2021இல் முதல் நிலைக்கு ஏறியது. ஏறத்தாழ 1.8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய ஆலி வாட்கின்சை 28 மில்லியனுக்கு விற்ற குழு அது. ஆனால் இங்கிலாந்து லீக்கை அது வெல்லவில்லை, காரணம் எளிது. மான்செஸ்டர் சிட்டியும் லிவர்பூலும் 2018 முதல் 2020 வரை 100, 98, 99 புள்ளிகளோடு பட்டம் வென்றன. லெஸ்டரின் 81 அந்த மூன்று ஆண்டுகளில் எதிலும் போதாது. பிரான்சில் 2012இல் மோன்பெலியேவும் 2021இல் லீலும் வென்றபோது சறுக்க வேண்டியிருந்தது பாரிஸ் என்ற ஒரே பணக்காரக் குழு. இங்கிலாந்தில் ஐந்தாறு பணக்காரர்களும் ஒரே ஆண்டில் சறுக்க வேண்டும். 2015-16இல் அதுவும் நடந்தது: முந்தைய வெற்றியாளர் செல்சி 10ஆம் இடத்தில் முடிந்தது.

இனி யூனியனுக்கு வருவோம், அக்கா மகனுக்கு நான் இன்று சொல்ல விரும்புவது அதுதான். தரவுகளை நம்பும் டோனி புளூம் 2018இல் அதை வாங்கியபோது இரண்டாம் நிலைக் குழு. 2021இல், 48 ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் நிலைக்கு ஏறியது. 2022இல் இரண்டாமிடம். 2023இல் மூன்றாமிடம். 2024இல் மறுபடி இரண்டாமிடம். 2025இல் பட்டம். ஓர் ஆண்டில் வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், நான்கு ஆண்டுகளில் ஒருமுறையாவது வெல்லும் வாய்ப்பு 68 விழுக்காடு. அதிர்ஷ்டம் எந்த இரவில் கதவைத் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். நான்கு ஆண்டுகள் வாசலில் நிற்க, நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வோர் ஆண்டும் விற்றும் மாற்று ஆளைத் தயாராக வைத்திருக்கும் அறிவு வேண்டும். லெஸ்டரிடம் அது இல்லாமல் போனது. கான்டே அந்தக் கோடையிலேயே செல்சிக்குப் போனார், செல்சி அடுத்த பட்டத்தை வென்றது. 2023இல் லெஸ்டர் கீழ்நிலைக்கு இறங்கியது.

நம் ஊருக்கு வந்தால், லயன் சிட்டி செய்லர்ஸ் 2020இல் தனியார்மயமானது. 2021இல் டியேகோ லோபசை 2.9 மில்லியன் வெள்ளிக்கு, அதுவரை இந்த லீக் காணாத தொகைக்கு வாங்கி, அதே ஆண்டு பட்டம் வென்றது. அது ஊருக்குப் பணக்காரர், ஆசியாவுக்கு எளியவர். 2025 மே மாதம் பீஷானில் நடந்த ஆசிய வெற்றியாளர் லீக் 2 இறுதியாட்டத்தில், அமீரகத்தின் ஷார்ஜாவிடம் கூடுதல் நிமிடங்களின் கடைசியில் விழுந்த கோலில் 2-1 என்று தோற்றது. அங்கே அவர்களுக்கு இருந்தது, இங்கே ஹவ்காங்குக்கு இருக்கும் அதே ஓர் இரவின் வாய்ப்பு. இங்கு எட்டு ஒன்பது குழுக்கள்தான், கீழிறக்கமும் இல்லை. தோற்றால் அழிந்துபோகும் அச்சம் இல்லாத குழு மூன்று நான்கு ஆண்டுத் திட்டம் போடலாம். பெரும்பாலான நாடுகளில் சிறிய குழுக்களுக்கு இந்த வசதி கிடைப்பதில்லை. இதைப் பயன்படுத்தாமல் ஆண்டுதோறும் ஆட்டக்காரர்களைக் கலைத்துச் சேர்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

இதையெல்லாம் 2022இன் அந்தக் கிண்ண இரவில் முழுதாகச் சொல்லவில்லை; சில அப்போது நடக்கவும் இல்லை. பாதியிலேயே பராட்டா ஆறிவிட்டது. "அப்படியென்றால் எத்தனை ஆண்டு ஆகும், மாமா?" என்று மட்டும் கேட்டான். எத்தனை உதை, எங்கிருந்து என்று யாராவது எழுதி வைத்திருந்தால் கணக்குப் போடலாம் என்றேன்.

மறுபருவம் முதல் ஆட்டத்துக்கு வரும்போது அவன் பையில் ஒரு கட்டம் போட்ட கணக்குப் புத்தகம் இருந்தது. அரைப் பக்கத்துக்கு ஒரு திடல் வரைந்து, ஹவ்காங்கின் உதைகளுக்கு ஆரஞ்சுப் புள்ளி, எதிரணிக்கு நீலம். இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சுப் புள்ளிகள் பாதிக்கு மேல் பெட்டிக்கு வெளியே இருந்தன. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.