கட்புலத் தொகுப்பி: விசுவல் எடிட்டருக்குத் தமிழ்

எல்லயில் தங்குமிடம் நடத்துபவர், ஹட்டனில் பலகாரக் கடை வைத்திருப்பவர், தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தார் என்று பலருக்கும் இப்போது ஓர் இணையத்தளம் தேவைப்படுகிறது. கோடிங் தெரியாது, ஆள் பிடித்துச் செய்யக் காசும் இல்லை. "விசுவல் எடிட்டர்ல செய்யலாம், ப்ரீதான்" என்று யாராவது வழி சொல்வார்கள். இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

முதலில் பொருள். இணையப் பக்கத்தின் அடியில் இருப்பது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி. ஒரு சொல் தடித்த எழுத்தில் வர வேண்டுமானால் அதற்கு முன்னும் பின்னும் குறி போட வேண்டும். விசுவல் எடிட்டரில் சொல்லைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினால் போதும். குறியை மென்பொருளே எழுதிக்கொள்ளும்.

'விசுவல்' பார்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்தும், 'எடிட்டர்' வெளியே கொடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்தும் வந்தவை. இந்த வகை மென்பொருளுக்கு 'விசிவிக்' என்றும் ஒரு பெயர் உண்டு. 'நீ பார்ப்பதுதான் உனக்குக் கிடைப்பது' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. 1970களின் தொடக்கத்தில் ஃபிளிப் வில்சன் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகரால் பிரபலமான வாசகம் அது. 1974இல் செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான பிராவோ, இவ்வகை எழுத்துச் செயலிகளில் முன்னோடி. இணையத்திலும் இது புதிதல்ல. டிம் பேர்னர்ஸ் லீ 1990இல் செய்த முதல் உலாவியிலேயே பக்கத்தைப் பார்த்தபடி திருத்தவும் முடிந்தது.

'கண்டதே காட்சி' என்று தமிழாக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 'கண்டதே காட்சி, கொண்டதே கோலம்' என்பது மனம்போன போக்கில் வாழ்வதைச் சொல்வது. எனக்குச் சரியாகப் படுவது 'கட்புலத் தொகுப்பி'. கண்ணும் புலனும் சேர்ந்தால் கட்புலன். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கட்புலக் கலை என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. உலாவுவது உலாவி என்பது போல, தொகுக்க உதவுவது தொகுப்பி. நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலரையும் தொகுப்பி என்று எழுதுபவர்கள் இருப்பதால், மாணவருக்கு எழுதும்போது 'கட்புல' என்பதை விட்டுவிடக் கூடாது. பேச்சில் விசுவல் எடிட்டர் என்றே சொன்னாலும் குறையில்லை. பரேட்டைப் பெரட்டாக்கி, தோட்டத்தில் காலையில் வேலைக்குக் கூடும் இடத்தைப் பெரட்டுக்களம் என்று நம்முடையதாக்கிக்கொண்ட மலையகத் தமிழ் இது.

சொல்லில் 'கட்புலம்' இருப்பதால் கண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சங்கத்தின் பழைய அறிக்கைகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதில் அடித்த 'அம்மா'வைத் தொகுப்பியில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகளாக நிற்கும். எழுத்துருவை மாற்றிச் சரிசெய்தாலும் பாமினி இல்லாத கைப்பேசியில் மறுபடி அதே கதிதான். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். அதேபோல், எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது. தலைப்பு என்ற பாணியைத் தெரிவுசெய்ய வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தக் குறியைப் பார்த்துத்தான் தலைப்பு எது என்று அறிகிறது.

அப்புறம், 'ப்ரீ'. ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் காசில்லாததையும் கட்டில்லாததையும் குறிக்கும். தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: இலவசம், கட்டற்றது. இணையத்தளம் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் எடுத்து மாற்றவும் பகிரவும் தடையில்லாதது. 2018 டிசம்பரில் வந்த அதன் 5.0 பதிப்பிலிருந்து கட்புலத் தொகுப்பி பத்திகளையும் படங்களையும் தனித்தனித் துண்டங்களாக அடுக்க விடுகிறது. சீமங்கி என்ற உலாவியோடு வரும் கம்போசர் என்ற தொகுப்பியும் கட்டற்றதே. விக்ஸ் என்ற இணையத்தளச் சேவை அப்படியல்ல. காசில்லாமல் தொடங்கலாம், ஆனால் இலவசத் திட்டத்தில் நம் பக்கத்தில் அவர்களுடைய விளம்பரம் இருக்கும். செய்த தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு வழங்கிக்கு (சர்வருக்கு) போகவும் முடியாது. இணையத்தளம் செய்யப் பழக்கும் வகுப்புக்குத் துண்டுப்பிரசுரம் அடிப்பவர்கள் வேர்ட்பிரஸுக்குக் 'கட்டற்ற' என்றும் விக்ஸுக்கு 'இலவச' என்றும் பிரித்து எழுதினால், சேர வரும் பிள்ளைகளுக்கு வித்தியாசம் முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.