பி.எஸ்சி. நர்சிங்: கட்டடத்தைப் பார்க்காதீர்கள், வார்டைப் பாருங்கள்

பி.எஸ்சி. நர்சிங் சேர வருகிறவர்கள் கட்டணம், விடுதி, பேருந்து எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். பயிற்சி பெறப்போகும் மருத்துவமனையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நான்கு வருடம், எட்டு செமஸ்டர். அதில் கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். நோயாளியே இல்லாத மருத்துவமனையில் இதை எப்படிக் கற்பது?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சேர்கிறீர்கள் என்றால் மூன்று அனுமதிகளைச் சரிபாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் கவுன்சில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு. ஒன்று குறைந்தாலும், படிப்பு முடிந்து கவுன்சிலில் பதிவு செய்யும்போது சிக்கல் வரும்.

பிறகு, ஒரு வேலை நாளில் காலை பத்து மணிவாக்கில் மருத்துவமனைக்குள் நடந்து பாருங்கள். படுக்கைகளில் ஆள் இருக்கிறார்களா? மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது? பிரசவமே நடக்காத இடத்தில் கேஸ் புக்கை (மாணவர்கள் பார்த்த பிரசவங்களைப் பதியும் நோட்டை) எப்படி நிரப்புவார்கள் என்று சீனியர்களிடம் கேளுங்கள். உண்மை அவர்களிடமிருந்துதான் வரும்.

சேர இடம் உறுதியானதும் முதல் வேலை, ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோயான ஹெப்படைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி. 0, 1, 6 மாதம் என மூன்று தவணை. முதல் செமஸ்டரிலேயே வார்டு போஸ்டிங் தொடங்கிவிடும், ஆறு மாதம் காத்திருக்காது. அதனால்தான் அவசரம். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு சக்தி வந்ததா என்று காட்டும் ஆன்டி-ஹெச்.பி.எஸ். ரத்தப் பரிசோதனை செய்து, அளவு 10-க்குக் (mIU/mL) குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் ஊசி போட்டதோடு விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு மூன்று தவணைக்குப் பிறகும் எதிர்ப்பு சக்தி வருவதில்லை.

போட்டு முடித்த ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும்போது கையில் குத்திக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. மூடி மாட்டவே வேண்டாம். பயன்படுத்திய ஊசியைப் போடுவதற்கான, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவை நோயாளியின் பக்கத்துக்கே கொண்டுபோங்கள். குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கவோ, விரலை வாயில் வைக்கவோ கூடாது. உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. திட்டுவார்களோ என்று பயந்து மறைக்கும் மாணவர்கள் அந்த நேரத்தை இழந்துவிடுகிறார்கள். ட்யூட்டர்களே, தயவுசெய்து அந்தப் பயத்தை உண்டாக்காதீர்கள்.

அடுத்து இன்சுலின். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்று போட்ட கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை தடாலென இறங்கி நோயாளி மயங்கிவிடுவார். நிறத்தை மட்டும் நம்பாமல், குப்பியிலும் சிரிஞ்சிலும் அச்சிட்ட எண்ணைச் சத்தமாகப் படித்து, இன்னொருவரிடம் காட்டிய பிறகே போடுங்கள்.

டிரிப்ஸ் கணக்கும் முதல் வருடத்திலேயே கைவர வேண்டும். 500 மில்லி, 4 மணி நேரம் (240 நிமிடம்), மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப்ஸ் குழாய் செட் என்றால்: 500 × 20 ÷ 240. நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு என்பதால் கணக்கு அடியோடு மாறும். செட்டின் கவரில் போட்டிருப்பதைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். வேகத்தைச் சரிசெய்த பின் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நோயாளி கையை மடக்கினாலோ எழுந்து உட்கார்ந்தாலோ வேகம் மாறும். அரை மணி கழித்து மறுபடி எண்ண வேண்டும்.