கிரவுட்டிங்: தமிழில் கூழேற்றல்

கொழும்பு பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையில் ‘கிரவுட்’ கேட்டால், டைல்ஸ் இடுக்கு அடைக்கும் மாவுப் பக்கெற்றைத் தருவார்கள். இயந்திரம் பொருத்துகிறவருக்கு அது அடித்தட்டின் கீழ் ஊற்றும் சுருங்காத கலவை. கடலடியில் வீதிச் சுரங்கம் தோண்டும் இடத்தில், பாறை வெடிப்புகளுக்குள் அழுத்திச் செலுத்தும் சீமெந்துக் கரைசல். இளகி ஓடி, இடுக்கை நிரப்பி, அங்கேயே இறுகுவது மூன்றுக்கும் பொது.

பழைய ஆங்கிலத்தில் ‘க்ரூட்’ என்பது பரும்படியாக அரைத்த தானிய மாவு. பிறகு கஞ்சிக்கும், பாத்திரத்தின் அடியில் தங்கும் மண்டிக்கும் பெயராயிற்று. 17ஆம் நூற்றாண்டில் கொத்தனார்கள் தண்ணீராய் இளக்கிய சாந்தை அப்படி அழைத்தார்கள். அழுத்திச் செலுத்தும் முறை பிரான்ஸில் பிறந்தது: 1802இல் தியப் துறைமுகத்தில் சார்ல் பெரிஞ்ஞி என்ற பொறியியலாளர் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த நீர்மத்தை அடித்தளத்தின் கீழ் செலுத்தினார். அவர் வைத்த பெயர் ‘இன்ஜெக்ஷன்’. நோர்வேக்காரரும் ஜெர்மானியரும் இன்றும் அந்தச் சொல்லின் வழியில்தான் பேசுகிறார்கள்.

தமிழில் பலர் ‘சாந்து’ என்றே எழுதிவிடுகிறார்கள். வீடு கட்டும் இடத்தில் அதனால் குடி முழுகிவிடாது, சுரங்கத்தில் முழுகலாம். சாந்து என்றால் நம் காதில் மணலும் சேர்ந்தே விழும். பாறை வெடிப்பின் அகலமோ பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கலவையிலுள்ள பெரிய துகளைப் போல மூன்று மடங்காவது அகலம் இருந்தால்தான் அது உள்ளே போகும். இல்லாவிட்டால் துகள்கள் வாயிலேயே ஒன்றையொன்று அடைத்துக்கொள்ளும். சாதாரண சீமெந்தின் பெரிய துகள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். ஆகவே 0.3 மில்லிமீற்றருக்குக் குறைந்த வெடிப்புக்கு அதுகூட உதவாது, நுண்சீமெந்துதான் வேண்டும். மணலுக்கு அங்கே இடமேது? ‘பூச்சு’ அதைவிடத் தவறு. பூச்சு மேற்பரப்பில் நிற்பது. சுரங்கச் சுவரில் விசிறும் கொங்கிரீற்றுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

பொருத்தமானது கூழ். காகிதக்கூழ், பழக்கூழ் என்று தொழிலிலும் புழங்கும் சொல்தான். பொருளைக் கூழ் என்றும், வேலையைக் கூழேற்றல் என்றும் எழுதலாம். ஒடியற் கூழ் நினைவுக்கு வந்தால் பாதகமில்லை, மூலச்சொல்லும் அடுப்படியிலிருந்து வந்ததுதான்.

வேலை நடப்பது இப்படி. தோண்டுமுகத்திலிருந்து 25 முதல் 30 மீற்றர் வரை முன்னோக்கிச் சில சோதனைத் துளைகள் இடுவார்கள். அவற்றில் வரையறையை மீறித் தண்ணீர் வந்தால், சுரங்கத்தின் சுற்றெல்லை நெடுக வெளிப்புறம் சாய்ந்த துளைகளைக் குடை விரித்தாற்போல் இடுவார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் இறப்பர் அடைப்பானை இறுக்கி, நீர் கூடிய கலவையில் தொடங்கி, துளை இடைவிடாமல் குடித்துக்கொண்டே போனால் படிப்படியாகத் தடிப்பாக்குவார்கள். இறுகியபின், சரிபார்க்க இடும் கட்டுப்பாட்டுத் துளையில் நீர்வரத்தை அளந்துவிட்டுத்தான் வெடி வைத்துத் தோண்டுவார்கள். அடுத்த குடை முன்னையதோடு சில மீற்றர் மேற்பொருந்த வேண்டும். அந்த இடத்தில் சிக்கனம் பார்த்தால் தண்ணீர் அங்கேதான் வரும்.

அழுத்தத்தில்தான் அதிகம் பிழை நேர்கிறது. அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் அளப்பார்கள், 10 மீற்றர் நீருக்கு ஏறத்தாழ 1 பார். நோர்வேயில் 2000இல் திறந்த ஒஸ்லோஃபியோர்ட் சுரங்கம் கடல்மட்டத்திலிருந்து 134 மீற்றர் கீழே இறங்குகிறது, அங்கே கடலே 13 பாருக்கு மேல் எதிர்த்துத் தள்ளும். பம்பு மானி 13 காட்டும்போது கூழ் அசையாது. ‘துளை நிரம்பிவிட்டது’ என்று நிறுத்தினால் வெடிப்பு திறந்தே கிடக்கும். மறுபுறம், மேலே பாறை மெல்லிதாக உள்ள இடத்தில் அழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் பாறை பிளந்து புதுவழி உண்டாகும். நீர் கூடிய கலவையில் சீமெந்து கீழே படிய, வெடிப்பின் மேற்பகுதியில் நீர்ப்பாதை மிஞ்சும்.

முழுவதும் உலர்ந்த சுரங்கம் நோக்கமல்ல. நோர்வேயின் கடலடிச் சுரங்கங்களில் கிலோமீற்றருக்கு நிமிடத்துக்கு 300 லீற்றர் நீர்க்கசிவு என்பது வழக்கமான எல்லை, மிச்சத்தைப் பம்பு பார்த்துக்கொள்ளும்.

முன்கூழேற்றல், பின்கூழேற்றல் என்று பிரித்தே எழுத வேண்டும். முன்னது தோண்டுமுன் செய்வது. பின்னது ஒழுகத் தொடங்கியபின் செய்வது: ஓடும் நீர் கூழை இறுகவிடாமல் அடித்துக்கொண்டு போகும், செலவு பன்மடங்கு. இலங்கை மலைநாட்டின் உமா ஓயா நீர்ச் சுரங்கத்தில் 2014 இறுதியில் பெருமளவு நீர் புகுந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்கள் வெடித்தது இங்கே பலருக்குத் தெரியும். மலைநாட்டில் கிணறாவது வற்றி நீர்வரத்து குறையும். கடலுக்கு அந்த எல்லையும் இல்லை.

கொழும்பின் அடியிலுள்ளது நைஸ் என்ற கடினப் பாறை வகைதான். ஆனால் வெப்பமண்டல மழையில் அதன் மேற்பகுதி ஆழமாக உக்கி, கபுக்கும் (செம்புரைக்கல்) களியுமாக மாறியிருக்கிறது. களி நிறைந்த வெடிப்புக்குள் எந்த நுண்சீமெந்தும் ஊடுருவாது, களியைக் கிழித்து நாக்கு நாக்காக ஓடும். ஒஸ்லோஃபியோர்டிலும் தளர்ந்த மண் நிறைந்த ஓர் ஆழ்பள்ளம் குறுக்கிட்டபோது நிலத்தை உறையவைத்துத்தான் கடந்தார்கள். அந்த முறைக்குத் தனிப்பெயர் வேண்டும்: நிலமுறைவித்தல்.